மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி: இராமநாதபுரம் கடலோரத்தில் முதல் சந்திப்பிலிருந்து முதல் போட்டி வரை

மண்டபம், கீழக்கரை, தொண்டி, சாயல்குடி போன்ற கடலோர ஊர்களில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கற்பிக்க முன்வரும் உடற்கல்வி ஆசிரியர்களுக்காகவும், கல்லூரி மாணவர்களுக்காகவும், அந்தப் பிள்ளைகளின் அண்ணன் அக்காமார்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எட்டு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளே மனத்தில் இருக்கிறார்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தவறுகிறார்கள்: விளையாட்டை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு பிள்ளையை அதற்குள் பொருத்தப் பார்க்கிறார்கள். பிள்ளையை அறிவது, இடத்தைச் சரிசெய்வது, அசைவுகளைக் கற்பிப்பது, அதன் பின்னரே விளையாட்டைத் தேர்வது என்ற ஒழுங்கில் கீழ்க்காணும் படிகள் அமைந்துள்ளன. ஒரு படியைத் தாண்டிச் சென்றால் சில வாரங்களில் அதே படிக்குத் திரும்ப வேண்டி வரும்; அதற்குள் பிள்ளை பயிற்சிக்கு வருவதையே நிறுத்தியிருக்கக்கூடும்.

1. முதலில் வீட்டுக்குச் செல்லுங்கள்

பயிற்சி தொடங்குவதாகப் பள்ளியில் அறிவித்துவிட்டுக் காத்திருந்தால், நடக்கவும் பேசவும் கூடிய சில பிள்ளைகள் மட்டுமே வருவார்கள். அதிகம் தேவைப்படும் பிள்ளைகள் வீட்டுக்குள் இருப்பார்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இருக்கிறது என்பதைப் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் அறிவார்கள். பலரை அவர்கள் வீட்டிலேயே சென்று பார்த்து வருகிறார்கள். முதல் முறை அவர்களுடன் செல்வது நல்லது, ஏனென்றால் அறிமுகமில்லாத ஒருவரிடம் ஒரு தாய் தன் பிள்ளையின் வலிப்பைப் பற்றியோ சிறுநீர்க் கட்டுப்பாடு பற்றியோ பேசமாட்டார்.

செல்லும் நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். விசைப்படகுகள் கரை திரும்பும் நாளில் வீட்டில் எவருக்கும் நேரம் இராது. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்கும் ஞாயிறு காலைத் திருப்பலிக்கும் உரிய வேளைகளைத் தவிருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள். தந்தையரிடம் நிதானமாகப் பேசுவதற்கும், அவர்களை மைதான வேலைகளில் சேர்த்துக்கொள்வதற்கும் அதைவிட ஏற்ற காலம் இல்லை.

வீட்டில் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வலிப்பு உண்டா, கடைசியாக எப்போது வந்தது, என்ன மருந்து எந்த வேளையில் கொடுக்கப்படுகிறது, இதய நோய் உண்டா, அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா, தோலில் உணர்வு இல்லாத இடம் உண்டா, கழிப்பறைக்கு யாருடைய உதவி தேவை, எந்தச் சத்தத்துக்கு அஞ்சுகிறது, வேண்டாம் என்பதை எப்படித் தெரிவிக்கிறது, பயிற்சி முடிந்ததும் யார் வந்து அழைத்துச் செல்வார் என்பவை எல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். கேள்விகளைப் பிள்ளையின் எதிரிலேயே, இயன்றவரை பிள்ளையிடமே கேளுங்கள். பேச்சு வராத பிள்ளையையும் பார்த்துப் பேசிவிட்டுப் பிறகு தாயிடம் திரும்புங்கள். மைதானத்தில் நீங்கள் சொல்வதைக் கேட்கப்போகிறவர் அந்தப் பிள்ளைதான். அங்கே கிடைக்க வேண்டிய நம்பிக்கை வீட்டுத் திண்ணையில் தொடங்குகிறது.

“விழுந்துட்டா யாரு சார் பாக்குறது?” என்று கேட்கும் தாய்க்கு வாக்குறுதி தராதீர்கள். முதல் இரண்டு வாரங்கள் அவரையும் மைதானத்துக்கு அழைத்து ஓரத்தில் அமரவைத்து, விழும் பிள்ளையை எப்படி எழுப்புகிறீர்கள் என்பதை அவரே பார்க்கும்படி செய்யுங்கள்.

2. மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

“விளையாடத் தகுதியுடையவர்” என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் பயிற்சியாளருக்குப் பயன்படாது. எந்த அசைவைத் தவிர்க்க வேண்டும், எந்த அறிகுறி கண்டால் உடனே நிறுத்த வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடைப்பட்ட மூட்டு தளர்ந்திருக்கும். அவர்கள் தலைகீழ்க் குட்டிக்கரணம் போடுவதும், தலையால் பந்தை முட்டுவதும், நீரில் தலைமுன்னாகப் பாய்வதும் தண்டுவடத்தை நசுக்கக்கூடும். மருத்துவர் பரிசோதித்துச் சொல்லும்வரை இவை எதுவும் கூடாது. நடையில் திடீர்த் தடுமாற்றம், கழுத்து வலி, கைகால் பலவீனம், சிறுநீர்க் கட்டுப்பாடு குலைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறைபாடும் இருப்பதால், இதயப் பரிசோதனை நடந்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதுகுத்தண்டுப் பிளவுடன் பிறந்த பிள்ளைகளில் பலருக்கு ரப்பர் பாலில் செய்த பொருள்கள் ஒவ்வாது. மெதுவாக மிதந்து வருவதால் பலூனைப் பந்தாகப் பயன்படுத்தும் வழக்கம் பரவலாக உள்ளது. இந்தப் பிள்ளைகள் இருக்குமிடத்தில் பலூனை விடுத்து, துணியில் பஞ்சடைத்த பந்தைப் பயன்படுத்துங்கள். தசைச்சிதைவு நோயுள்ள பிள்ளையைக் களைத்துப்போகும் அளவுக்கு உழைக்கவிடக் கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கு வலுவேற்றும் கடும் பயிற்சி, இவர்களுடைய தசைநார்களைச் சேதப்படுத்தும்.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதை உதவியாளர் அனைவரும் முதல் நாளிலேயே கற்றிருக்க வேண்டும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மெத்தென்ற துணியை வைத்து, சுற்றிலும் உள்ள கடினமான பொருள்களை அகற்றி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், வாய்க்குள் கரண்டி வைப்பதும், தண்ணீர் புகட்டுவதும் கூடவே கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

3. மைதானத்தைத் தேர்வதும் திருத்துவதும்

கடற்கரை அருகில் இருக்கிறது என்பதற்காக அங்கேயே தொடங்கிவிடுவது இப்பகுதியில் அடிக்கடி நடக்கும் பிழை. உலர்ந்த மணலில் சக்கர நாற்காலி புதையும், ஊன்றுகோல் இறங்கும், அலைச்சத்தத்தில் பார்வையற்ற பிள்ளைக்கு உங்கள் குரல் கேட்காது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் நீரால் ஈர்க்கப்பட்டு, எவரும் கவனிக்காத ஒரு கணத்தில் கடலை நோக்கி ஓடிவிடுவார்கள். எனவே மூன்று பக்கமாவது சுவரோ வேலியோ உள்ள பள்ளி மைதானத்தைத் தேர்ந்தெடுங்கள். கரையை ஒட்டிய திறந்த இடம்தான் கிடைக்கிறதென்றால், கடல் பக்கம் ஒருவரை நிறுத்துங்கள். வேறு எந்த வேலையும் கொடுக்காமல், அவரை அங்கேயே நிற்கவிடுங்கள்.

அடுத்தது முள். சீமைக் கருவேல முள் இல்லாத மைதானம் இந்த மாவட்டத்தில் அரிது. அது டயரைத் துளைப்பதுடன், காலில் உணர்வில்லாத பிள்ளையின் பாதத்தில் ஏறி, எவரும் அறியாமல் நாள்கணக்கில் புண்ணாகிவிடும். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் களத்தைத் துடைப்பத்தால் கூட்டுங்கள். முடிந்ததும் உணர்வற்ற பாதங்களைக் கழுவிப் பார்த்தே அனுப்புங்கள்.

உப்புக்காற்று சக்கர நாற்காலியின் அச்சையும் செயற்கைக்காலின் திருகுகளையும் விரைவில் துருப்பிடிக்கச் செய்கிறது. நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, வாரம் ஒருமுறை எண்ணெய் இடுங்கள். இதற்கும் குடிப்பதற்குமான தண்ணீரைக் குடத்தில் கொண்டுவரும் பொறுப்பை முன்கூட்டியே ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். குடிநீரைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் ஊர்களில், தண்ணீர் இருக்கும் என்று நினைத்துத் தொடங்கப்பட்ட பயிற்சி பாதியில் நின்றுவிடும்.

காலை ஆறு மணி முதல் ஏழரை வரையோ, மாலை ஐந்து மணிக்குப் பிறகோ பயிற்சி வையுங்கள். தண்டுவடம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குப் பாதிப்புக்குக் கீழுள்ள உடல் பகுதியில் வியர்க்காது, ஆகவே உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இயலாது. நிழலும், கழுத்திலும் கைகளிலும் தெளிக்கத் தண்ணீரும் அவருக்குக் கட்டாயம். நோன்பு மாதத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்கு மாலைப் பயிற்சியைக் குறைத்து, ஓடுவதற்குப் பதிலாக எறிதல், குறிபார்த்தல் போன்றவற்றைக் கொடுக்கலாம்.

கழிப்பறையைப் பார்க்காமல் மைதானத்தை முடிவு செய்யாதீர்கள். சக்கர நாற்காலி நுழையாத கதவு இருந்தால், அந்தப் பிள்ளை பயிற்சி நாளில் காலை முதல் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கும். பெண்பிள்ளைகள் இதை வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

4. உதவியாளர்களுக்கான ஒழுங்கு

எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் மறைவான இடத்தில் தனித்திருக்கக் கூடாது. கழிப்பறை உதவி, உடை மாற்றம், செயற்கைக்கால் மாட்டுதல் ஆகியவற்றைப் பெற்றோரோ, பெற்றோர் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டவரோ செய்ய வேண்டும். பெண்பிள்ளைகள் வரும் நாள்களில் ஒரு பெண் உதவியாளராவது இருந்தே தீர வேண்டும். தொடுவதற்கு முன், “கையைப் பிடிக்கிறேன்” என்று சொல்லி, பிள்ளை ஒப்புக்கொண்ட பிறகே தொடுங்கள். பேசவோ விலகவோ இயலாத பிள்ளைகள் துன்புறுத்தலுக்கு எளிதில் ஆளாகிறார்கள் என்பதால் இந்த ஒழுங்கில் விதிவிலக்கே வேண்டாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குற்றம் நடந்ததாக அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது என்பதை ஒவ்வோர் உதவியாளரிடமும் நேரடியாகச் சொல்லுங்கள்.

சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளாதீர்கள், ஊன்றுகோலை எட்டாத இடத்தில் வைக்காதீர்கள். அவை பிள்ளையின் உடலைச் சேர்ந்தவை.

5. முதல் இரண்டு மாதங்கள்: விளையாட்டு வேண்டாம், அசைவுகள் போதும்

இந்தப் படியில்தான் பலரும் பொறுமை இழக்கிறார்கள். கால் ஊனமென்றால் குண்டெறிதல், பார்வை இல்லையென்றால் ஓட்டம், அறிவுசார் குறைபாடென்றால் எளிய பந்து விளையாட்டு என்று முதல் நாளே பிரித்துவிடுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு எது வரும் என்பது எவருக்கும் அப்போது தெரியாது. வீட்டிலேயே இருந்த பிள்ளை பந்தை எறிந்திருக்காது, கீழே விழுந்து எழுந்திருக்காது, முறைக்காகக் காத்திருந்திருக்காது. எறிதல், பிடித்தல், உருட்டுதல், நிறுத்துதல், திரும்புதல், சமநிலை காத்தல், பாதுகாப்பாக விழுதல் ஆகியவற்றை முதலில் கற்பியுங்கள். பின்னர் எந்த விளையாட்டுக்குச் சென்றாலும் இவைதான் தேவைப்படும்.

ஒரு பயிற்சி பிள்ளைக்கு வரவில்லையென்றால் நான்கில் ஒன்றை மாற்றலாம்: இடம், செயல், பொருள், ஆள். பந்தைப் பிடிக்க இயலாத பிள்ளைக்குத் தூரத்தைக் குறைக்கலாம், பிடிப்பதற்குப் பதில் உருண்டு வருவதைத் தடுக்கச் சொல்லலாம், பெரிய, மெத்தென்ற பந்து தரலாம், எறிபவரை மாற்றலாம். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கையும் ஒருசேர மாற்றினால் பந்து கைக்கு வந்துவிடும், ஆனால் எதனால் வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. மறுநாள் எதைத் தொடர்வது என்பதும் தெரியாது. மாற்றியதைக் குறிப்பேட்டில் தேதியுடன் எழுதுங்கள்.

மாற்றம் பிள்ளையை ஆட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். சக்கர நாற்காலிப் பிள்ளையைப் புள்ளி எழுத உட்காரவைப்பதும், எல்லோரும் அவரிடம் வேண்டுமென்றே தோற்பதும் மாற்றம் ஆகா. தோற்கும் வாய்ப்பு இல்லாத ஆட்டத்தைப் பிள்ளைகள் மிக விரைவில் கண்டுகொள்கிறார்கள். அதன்பின் உங்கள் பாராட்டை அவர்கள் நம்புவதில்லை.

வாரத்துக்கு மூன்று நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போதும். தொடக்கம், நடுப்பகுதி, முடிவு ஆகியவை ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில் அமையட்டும். உடன்பிறந்தவர்களையும் தெருப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வது நல்லது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் மட்டும் விளையாடும் இடத்தை ஊரார் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள், எல்லோரும் விளையாடும் இடத்தில் கூட்டம் சேராது.

6. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுடன்

முதல் நாள் மைதானத்தின் எல்லையை நடந்து தொட்டறியச் செய்யுங்கள். கோடு வரும் இடத்தில் தடித்த கயிற்றை வைத்து அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டினால் பாதத்தாலேயே கோட்டை உணரலாம். பந்து உருளும் சத்தம் கேட்க உள்ளே மணி வைத்த பந்து வேண்டும். கிடைக்கும்வரை சாதாரணப் பந்தைச் சரசரக்கும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பயன்படுத்தலாம். “அங்கே”, “இப்படி” என்ற சொற்களை விடுத்து, “உன் வலப்பக்கம் மூன்று எட்டு” என்று சொல்லப் பழகுங்கள்.

ஓட்டத்தில், உடன் ஓடும் வழிகாட்டியை ஓட்டக்காரருடன் இணைக்கும் நாடா நீளாத பருத்தித் துணியாக, 30 செ.மீ.க்கு மிகாமல் இருக்கட்டும். இக்கரையில் எங்கும் கிடைக்கும் நைலான் வலைக்கயிற்றை எடுத்துக்கொள்கிறார்கள். அது உள்ளங்கையை அறுத்துவிடும். முதலில் இருவரும் நடக்கட்டும். நாடாவைப் பிடித்த உட்புறக் கைகள் ஒன்றாக வீசும்போது உட்புறக் கால்களும் சேர்ந்தே நகரும். அந்த ஒத்திசைவு வந்த பிறகே ஓட்டம். வழிகாட்டி எப்போதும் பிள்ளையைவிட வேகமாக ஓடக்கூடியவராக இருக்க வேண்டும், ஆனால் இழுக்கக் கூடாது. போட்டியில் இழுத்தால் தகுதி நீக்கம். முடிவுக் கோட்டை ஓட்டக்காரர்தான் முதலில் கடக்க வேண்டும். இந்தப் பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும். முழுமையாகப் பார்வையற்றோருக்கான டி11 பிரிவில் எல்லோரும் கண்மறைப்பு அணிந்து, வழிகாட்டியுடன் ஓடுவார்கள். ஓரளவு பார்வையுள்ளோருக்கான டி12 பிரிவில் வழிகாட்டி விருப்பத்துக்குரியவர். அதைவிடக் கூடுதல் பார்வையுள்ளோருக்கான டி13 பிரிவில் வழிகாட்டி இல்லை.

நீளம் தாண்டுதலில் குரல் கொடுப்பவர் மணற்குழிப் பக்கம் நின்று கைதட்டி அழைப்பார். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வலுத்து வீசும் மாதங்களில் பிள்ளை காற்றை எதிர்த்து ஓடும்படி ஓடுபாதையை அமையுங்கள். அப்போது குரல் காற்றோடு சேர்ந்து பிள்ளையை அடையும். காற்று முதுகில் படும்படி ஓடவிட்டால் வேகம் கூடும், ஆனால் குரல் கலைந்து பிள்ளை பாதை விலகிவிடும். டி11, டி12 பிரிவுகளில் பலகைக்குப் பதிலாக ஒரு மீட்டர் நீளமுள்ள தாண்டும் பகுதி உண்டு. அதில் சுண்ணப்பொடி தூவினால் காலடி பதிந்த இடம் தெரியும்.

7. செவித்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுடன்

மாலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் பிள்ளைக்கு இருட்டாகத் தெரியும். வெயிலை எதிர்நோக்கி நீங்கள் நில்லுங்கள். செய்துகாட்டும்போது பேசாதீர்கள், ஒரே நேரத்தில் கையையும் உதட்டையும் பார்க்க இயலாது. தொடக்க அறிகுறியைக் கொடியால் கொடுங்கள். காது உட்பகுதிச் சிக்கலால் சிலருக்குச் சமநிலை குறைவாக இருக்கும். அவர்கள் இருட்டிலும் நீருக்கடியிலும் திசை இழப்பார்கள். கேட்க உதவும் காக்ளியர் கருவி அறுவை சிகிச்சையில் பொருத்தப்பட்ட பிள்ளையைத் தலையில் அடிபடக்கூடிய ஆட்டங்களிலிருந்து விலக்குங்கள்.

8. கைகால், தசை, தண்டுவடக் குறைபாடுள்ள பிள்ளைகளுடன்

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் இறுகிய தசையை வலிந்து இழுக்காதீர்கள். வேகமாக இழுத்தால் இன்னும் இறுகும். மெதுவான, நீண்ட தயாரிப்புப் பயிற்சி கொடுங்கள். திடீர்ச் சத்தத்துக்கு இவர்களில் பலருடைய உடல் தூக்கிப்போடும் என்பதால், தொடக்கத் துப்பாக்கிக்குப் பழகும்வரை குரலால் தொடங்குங்கள்.

செயற்கைக்கால் அணிந்த பிள்ளை பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி, வியர்வையையும் மணலையும் துடைத்து, காலின் முனையைப் பார்க்கட்டும். சிவந்த இடம் சற்று நேரத்தில் மறையாவிட்டால் அன்றைய ஓட்டம் முடிந்தது. வளரும் வயதில், காலின் முனை பொருந்தும் செயற்கைக்காலின் குழல் விரைவில் இறுக்கமாகிவிடுவதால் சில மாதங்களுக்கு ஒருமுறை அளவைச் சரிபார்க்கச் செய்யுங்கள்.

அமர்ந்து எறிவதற்கான இருக்கையை ஊரிலுள்ள வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். மெத்தையுடன் சேர்த்து உயரம் 75 செ.மீ.க்கு மிகக் கூடாது. தரையில் ஆணியடித்துப் பட்டையால் நான்கு பக்கமும் கட்ட வேண்டும். உணர்வில்லாத பிள்ளை அதில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தால் புண் வரும். சில எறிகளுக்கு ஒருமுறை கையூன்றி உடலைத் தூக்கச் சொல்லுங்கள். மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்குத் திடீரெனக் கடும் தலைவலியும் முகச் சிவப்பும் தோன்றினால், நிமிர்ந்து உட்காரவைத்து, பட்டைகளைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, உடனே மருத்துவ உதவியை நாடுங்கள். இரத்த அழுத்தம் அபாயமான அளவுக்கு உயர்ந்ததன் அறிகுறி அது.

9. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பிள்ளைகளுடன்

ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் கொடுங்கள். சொல்லுங்கள், செய்துகாட்டுங்கள், பிறகு பத்து நொடி காத்திருங்கள். புதியவர்கள் காத்திருக்காமல் அதே கட்டளையை வேறு சொற்களில் திரும்பச் சொல்கிறார்கள்; பிள்ளைக்கு அது இரண்டாவது கட்டளையாகிவிடுகிறது. அன்றைய பயிற்சிகளைப் படங்களாக வரைந்து அட்டையில் ஒட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றச் செய்தால், எப்போது முடியும் என்ற பதற்றம் தணியும். விசில் சத்தம் சிலருக்குத் தாங்க இயலாத வலியைத் தரும். கையை உயர்த்துவது போதும். காதைப் பொத்திக்கொண்டு விலகும் பிள்ளையை அடம் பிடிப்பதாக எண்ணாதீர்கள். அமைதியான ஒரு மூலையை முன்பே ஒதுக்கி, விரும்பும்போது அங்கே சென்று திரும்பலாம் என்று சொல்லிவையுங்கள்.

2022 மார்ச்சில், ஆட்டிசம் உள்ள 13 வயது ஜியா ராய் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை நீந்திக் கடந்ததை அடுத்து, தம் பிள்ளைக்கும் கடல் நீச்சல் கற்பிக்கும்படி பெற்றோர் கேட்பதுண்டு. அத்தகைய நீச்சலுக்குப் பின்னால் குளத்தில் பெற்ற நீண்ட பயிற்சியும் துணைப்படகுகளும் இருக்கின்றன. முதலில் குளம், மூச்சுவிடவும், மல்லாந்து மிதக்கவும், அழைத்தால் திரும்பவும் தெரிந்த பிறகே ஆழம் குறைந்த கடல். வாடைக்காற்று வீசும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாக் நீரிணைப் பக்கமும், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமும் இறங்காதீர்கள். வலிப்பு உள்ள பிள்ளை நீரிலிருக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். சொறி மீன் (ஜெல்லி மீன்) தென்படும் நாளில் எவரையும் இறக்க வேண்டாம்.

10. விளையாட்டைத் தேர்வதும் ஆவணங்களும்

இப்போது உங்கள் குறிப்பேடு பேசும். எந்த அசைவில் பிள்ளை தானாகவே நீடித்து நிற்கிறது என்று பார்த்து, இரண்டு விளையாட்டுகளை முன்வைத்து, பிள்ளையையே தேர்வு செய்யச் சொல்லுங்கள்.

எந்தப் போட்டி யாருக்குரியது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். உடல், பார்வை, குறிப்பிட்ட அளவிலான அறிவுசார் குறைபாடு உள்ளோர் பாராலிம்பிக் வழியில் செல்வார்கள். செவித்திறன் குறைந்தோருக்கு அங்கே இடமில்லை. அவர்களுக்கு டெஃப்லிம்பிக்ஸ் என்ற தனி வழி உண்டு. நன்றாகக் கேட்கும் காதிலும் 55 டெசிபலுக்குக் குறையாத இழப்பு இருக்க வேண்டும், போட்டியின்போது காதுக் கருவி அணியக் கூடாது. அறிவுசார் குறைபாடுள்ள எட்டு வயது நிறைந்த எவரும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் கலந்துகொள்ளலாம். அங்கே ஒத்த திறனுள்ளோரைக் குழுவாகப் பிரித்துப் போட்டி நடத்துவார்கள். காது கேளாத பிள்ளையைப் பாரா தடகளத் தேர்வுக்கு அழைத்துச் சென்று, வாசலிலிருந்தே திரும்பிய பயிற்சியாளர்கள் உண்டு. முதலமைச்சர் கோப்பை விளையாட்டுப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவு இருப்பதால், முதல் அனுபவத்துக்கு அது ஏற்றது. இராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில் உள்ளவர்களிடம் விவரம் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, ஆதார், பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதல் மாதத்திலேயே பாருங்கள். தலைப்பெழுத்து மாறியிருந்தால் திருத்த வாரக்கணக்கில் ஆகும். அட்டை இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

அட்டையிலுள்ள விழுக்காடும் விளையாட்டுப் பிரிவும் வெவ்வேறு. 40 விழுக்காடு என்பது அரசின் சலுகைகளுக்கான அளவு. விளையாட்டுப் பிரிவை அதற்கென அங்கீகரிக்கப்பட்டவர்கள் பிள்ளையின் அசைவைச் சோதித்து முடிவு செய்கிறார்கள். பிரிவுகளும் போட்டிகளின் பட்டியலும் மாறக்கூடியவை. தமிழ்நாட்டுப் பாராலிம்பிக் வீரர் மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோவில் உயரம் தாண்டுதலில் டி42 என்ற பெயரிலும், டோக்கியோவிலும் 2024 பாரிஸிலும் டி63 என்ற பெயரிலும் நடந்த போட்டிகளில் பதக்கம் வென்றார். பிள்ளையின் பிரிவுக்கு எந்தப் போட்டிகள் அவ்வாண்டு நடத்தப்படுகின்றன என்று பார்த்த பிறகே பயிற்சியை ஒன்றில் குவியுங்கள். சோதனையின்போது இயலாமையைக் கூட்டிக் காட்டச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அது மோசடி, தடை வரும், அதற்கு முன்பாகவே பிள்ளை தன் உடலைப் பற்றிப் பொய் சொல்லக் கற்றுவிடும்.

11. முதல் போட்டி

ஒரு வாரம் முன்பு அந்த அரங்குக்கு அழைத்துச் சென்று ஓடுபாதை, கழிப்பறை, அமரும் இடம் ஆகியவற்றைக் காட்டுங்கள். பெயர் அழைக்கப்படுவது, எண் அட்டை குத்துவது, ஒலிபெருக்கி ஆகியவற்றை ஊர் மைதானத்திலேயே ஒத்திகை பாருங்கள். மாத்திரைகளை வேளைப்படி கொடுக்கும் பொறுப்பை ஒருவருக்கே கொடுங்கள். பயண அவசரத்தில் வலிப்பு மருந்து தவறுவது அடிக்கடி நடக்கிறது. புதிய காலணி, புதிய கருவி, புதிய உணவு எதுவும் அன்று வேண்டாம். டயர் ஒட்டும் பொருள்கள், காற்றடிக்கும் பம்பு, மாற்று நாடா ஆகியவற்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டி முடிந்ததும் முடிவைப் பற்றிப் பேசுவதற்கு முன் தண்ணீரும் நிழலும் கொடுத்து, தோலைப் பாருங்கள். மறுநாள் ஓய்வு. அதற்கடுத்த பயிற்சி நாளில், எது எளிதாக இருந்தது, எது பயமாக இருந்தது, மறுபடியும் போக விருப்பமா என்று பிள்ளையிடம் கேட்டு, விடையைப் பிள்ளை சொன்ன சொற்களிலேயே குறிப்பேட்டில் எழுதுங்கள். போக விருப்பமில்லை என்றால் போட்டிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, மைதானத்தில் அதே இடத்தை அப்படியே வைத்திருங்கள்.